ஒட்டுவது எளிது, மீட்பதே தொழில்

இரண்டு பாக்டீரியாக்களின் செல் சுவரைக் கரைத்து நீக்கி, உள்ளே மிஞ்சும் சவ்வு உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டச்செய்து, இரண்டின் மரபுப் பொருளையும் ஒரே செல்லுக்குள் சந்திக்க வைப்பதுதான் புரோட்டோபிளாஸ்ட் இணைவு. மரபணுத் திருத்தக் கருவிகள் வந்துவிட்ட இந்நாளில் இதைக் காலாவதியான வித்தை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எந்த பாக்டீரியாவையும் எதனோடும் கலந்துவிடும் மந்திரம் என்று மிகைப்படுத்துபவர்களும் உண்டு. லேப் மேசையில் இந்த வேலையைச் செய்து பழகிய எனக்கு இரண்டுமே தவறாகப் படுகின்றன. இணைவு என்பது நுண்ணுயிருக்கான இனவிருத்தி முறை. மரபணுப் பொறியியலின் பழைய வடிவம் என்று அதைக் கொள்வதிலிருந்துதான் குழப்பமே தொடங்குகிறது. இனவிருத்தியை எடைபோட ஒரே அளவுகோல்தான் உண்டு: பிறந்த வாரிசு பிழைத்ததா, பெற்றோரைவிட மேலானதா, தலைமுறை தாண்டியும் குணம் மாறாமல் நிற்கிறதா? உருண்டைகள் ஒட்டிக்கொள்ள ஓரிரு நிமிடம் போதும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலையில்தான் இந்தத் தொழிலின் முழுக் கனமும் இருக்கிறது.

பாக்டீரியாவுக்கு இனவிருத்தி எதற்கு என்று முதலில் கேட்க வேண்டும். ஆன்டிபயாடிக் சுரக்கும் ஒரு ஸ்ட்ரெயினை மேம்படுத்தப் பல்லாண்டுகளாகக் கையாண்ட வழி ஒன்றே. புற ஊதாக் கதிராலோ ரசாயனத்தாலோ சடுதிமாற்றங்களை உண்டாக்கி, பிழைத்தவற்றில் அதிகம் சுரப்பதைத் தேர்ந்து, அதையே அடுத்த சுற்றுக்கு விடுவார்கள். இதில் இரண்டு நட்டங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முதலிடம் பெற்றதை மட்டும் வைத்துக்கொள்கிறோம். இரண்டாம், மூன்றாம் இடத்தவை தம்மிடமுள்ள நல்ல மாற்றங்களோடு குப்பைக்குப் போகின்றன. தேர்ந்தெடுத்த ஸ்ட்ரெயினிலும் ஒரு நல்ல மாற்றத்தோடு பல கெட்ட மாற்றங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. சுற்றுகள் கூடக்கூட வளர்ச்சி மந்தமாகிறது, ஸ்போர் குறைகிறது. ஹெர்மன் முல்லர் 1932-லேயே இதன் அடிப்படையை விளக்கினார். கலப்பு இல்லாத இனத்தில் வெவ்வேறு உயிர்களில் தோன்றும் நல்ல மாற்றங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு அழியும். கலப்புள்ள இனத்திலோ அவை ஒரே உயிரில் ஒன்றுசேரும். கலப்பு இல்லாத இனத்தில் கெட்ட மாற்றங்கள் பின்திரும்ப வழியின்றிக் குவிந்துகொண்டே போகும் என்பதை 1964-இல் அவரே எடுத்துக்காட்டினார். நெல் ஆராய்ச்சியாளர் நோய் தாங்கும் ரகத்தையும் விளைச்சல் ரகத்தையும் ஒட்டுச்சேர்த்து, கெட்டதைக் கழித்து நல்லதைக் கூட்டுகிறார். அந்த வசதி நுண்ணுயிர்த் தொழிலுக்கு நெடுங்காலம் எட்டாமலே இருந்தது.

பாக்டீரியாக்களுக்கிடையே மரபுப் பரிமாற்றமே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. 1928-இல் கிரிஃபித் ஒரு பாக்டீரியாவின் குணம் இன்னொன்றுக்குத் தாவுவதைக் கண்டார். 1946-இல் லெடர்பெர்கும் டேட்டமும் ஈ.கோலையில் செல்லோடு செல் சேர்ந்து நடக்கும் பரிமாற்றத்தைக் காட்டினார்கள். 1952-இல் ஜிண்டரும் லெடர்பெர்கும் வைரஸ் வழியாக நடக்கும் மரபணுக் கடத்தலைக் கண்டறிந்தார்கள். ஆனால் இம்மூன்றிலும் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். போய்ச் சேருவதும் பெரும்பாலும் குரோமோசோமின் ஒரு துண்டுதான். ஆன்டிபயாடிக் சுரப்பைப் போன்ற ஒரு குணம் குரோமோசோமின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் மாற்றங்களின் கூட்டு விளைவாக இருந்தால், ஒரு துண்டை மாற்றிக்கொள்வதால் அதிகம் கிடைக்காது. தொழிற்சாலை ஸ்ட்ரெயின்கள் பலவற்றில் இயற்கையான பரிமாற்ற வழி நம் கைக்கு வசப்படுவதும் இல்லை. இணைவில் இரண்டு முழுக் குரோமோசோம்களும் ஒரே சைட்டோபிளாசத்தில் அருகருகே வந்து நிற்கின்றன. கொடுப்பவர், வாங்குபவர் என்ற பாகுபாடு இல்லை. பாலினப் பிளாஸ்மிட் தேவையில்லை. எந்த மரபணு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை.

இந்த வழி ஒரே நாளில் திறக்கவில்லை. ஃபிளெமிங் 1922-இல் அறிவித்த லைசோசைம் நொதியைக் கொண்டு பாக்டீரியச் சுவரை உடைக்கலாம் என்பது முன்பே தெரியும். ஆனால் சுவர் போனதும் செல் வெடித்துவிடும். 1953-இல் கிளாஸ் வெய்புல் சர்க்கரைக் கரைசலுக்குள் வைத்து பேசில்லஸ் மெகட்டீரியத்தின் சுவரை நீக்கியபோது செல்கள் வெடிக்காமல் உருண்டைகளாக நின்றன. 1974-இல் ஜப்பானில் ஒகானிஷி, சுசுகி, உமேசாவா மூவரும் ஸ்ட்ரெப்டோமைசஸ் உருண்டைகளை மறுபடி முழுச் செல்லாக வளர்த்தெடுத்தார்கள். அதே ஆண்டில் காவோவும் மிக்கய்லுக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கொண்டு தாவரப் புரோட்டோபிளாஸ்ட்களை ஒட்டவைத்தார்கள். இந்த மூன்று இழைகளும் 1976-இல் சேர்ந்தன. ஹங்கேரியில் ஃபோடரும் அல்ஃபோல்டியும் பேசில்லஸ் மெகட்டீரியத்திலும், ஷேஃபர், கமி, ஹாட்ச்கிஸ் ஆகியோர் பேசில்லஸ் சப்டிலிஸிலும் இணைவு வழியே மறுசேர்க்கை, அதாவது இரு பெற்றோரின் குரோமோசோம்களும் துண்டுகளை மாற்றிக்கொண்டு கலப்பது, நடப்பதைக் காட்டினார்கள். 1977-இல் இங்கிலாந்தின் நாரிச்சில் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் டேவிட் ஹாப்வுட்டின் குழு அதை ஸ்ட்ரெப்டோமைசஸில் செய்து முடித்தது. மண்ணில் வாழ்ந்து, இழையாக வளர்ந்து, மருத்துவத்துக்கு ஏராளமான ஆன்டிபயாடிக்குகளைத் தந்த பேரினம் அது. இணைவு தன் உண்மையான வீட்டைக் கண்டது அங்கேதான்.

மேசையில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். ஸ்ட்ரெப்டோமைசஸை கிளைசின் சேர்த்த ஊடகத்தில் வளர்க்கிறோம். செல் சுவரின் கண்ணிகளில் அலனைன் இருக்க வேண்டிய இடத்தில் கிளைசின் போய் உட்காருவதால் சுவர் பலவீனமாகிறது. அளவு கூடினால் வளர்ச்சியே நின்றுவிடும். பிறகு இழைகளைக் கழுவி, 10.3 விழுக்காடு சுக்ரோஸும் மெக்னீசியமும் கால்சியமும் கலந்த பஃபரில் மிதக்கவிட்டு, மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் லைசோசைம் சேர்த்து 30 டிகிரியில் வைக்கிறோம். அந்தப் பஃபரில் பாஸ்பேட்டைத் தனியே ஆட்டோக்ளேவ் செய்து கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். மைக்ராஸ்கோப்பின் அடியில் இழைகள் ஆங்காங்கே வீங்கி, மணிமணியாகப் பிரிந்து, உருண்டைகளாக விலகுவது தெரியும். கரையாத இழைத் துணுக்குகளைப் பஞ்சு வழியே வடிகட்டி நீக்கி, உருண்டைகள் நசுங்காத மெதுவான வேகத்தில் சென்ட்ரிஃபியூஜில் இறக்குகிறோம். உண்மையில் சுவர் போயிற்றா என்பதற்குச் சோதனை எளியது. சொட்டுத் தண்ணீர் விட்டால் புரோட்டோபிளாஸ்ட் வெடித்துக் காணாமல் போகும். சுவர் மிஞ்சிய துணுக்கு அப்படியே நிற்கும். தண்ணீரில் நீர்த்துத் தட்டில் பரப்பி, எழும் காலனிகளை எண்ணினால், சுவர் போகாமல் நின்றவை எத்தனை என்று தெரிந்துவிடும். இந்த எண் கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

ஒட்டவைப்பது அதைவிட எளிது. இரு பெற்றோரின் உருண்டைகளையும் சேர்த்து அடியில் படியவைத்து, 40 முதல் 50 விழுக்காடு பாலிஎத்திலீன் கிளைக்கால் ஊற்றிச் சற்று நேரம் விடுகிறோம். சவ்வுகளுக்கு இடையே உள்ள நீரை அது இழுத்துக்கொள்வதால் சவ்வுகள் நெருங்கிப் படிகின்றன. பின்பு நீர்க்கும்போது பல ஒன்றாகிவிடுகின்றன. கடினமான பகுதி இனிதான் வருகிறது. சுவரில்லாத இந்த உருண்டை மறுபடி சுவர் கட்டி, பிளந்து, காலனியாக வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கையில் 100 கோடி உருண்டைகள். பத்தில் ஒன்று மீண்டு வளர்ந்து, அப்படி வளர்ந்தவற்றில் பத்தாயிரத்தில் ஒன்று மறுசேர்க்கை பெற்றது என்றால் 10,000 காலனிகள் கிடைக்கும். மீள்வது ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தால் கிடைப்பது 100 மட்டும். இணைவு இரண்டிலும் ஒன்றுதான், மாறியது மீட்பு. ஆகவே மீட்புத் தட்டைத் தயார் செய்வதில் காட்டும் அக்கறைக்கு எல்லையே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசஸுக்கு ஊற்றிய தட்டை லேமினார் காற்றில் திறந்துவைத்து, எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் வரை உலர்த்துகிறோம். ஈரத் தட்டில் உருண்டைகள் வீணாகும்; அளவுக்கு மீறி உலர்ந்தாலும் வீண்தான். நெருக்கமாகப் பரப்பினாலும் ஆபத்து. முதலில் எழும் காலனிகள் சுற்றியுள்ள மந்தமானவை வளரவிடாமல் தடுத்துவிடும். நமக்கு வேண்டிய வாரிசு பெரும்பாலும் அந்த மந்தமானவற்றுள்தான் இருக்கும்.

காலனி எழுந்துவிட்டதாலேயே அது மறுசேர்க்கை ஆகிவிடாது. இந்தத் துறையில் மிக அதிகம் ஏமாற்றும் இடம் இதுதான். ஒரு பெற்றோர் ஹிஸ்டிடின் இல்லாமல் வளராது, இன்னொன்று யூராசில் இல்லாமல் வளராது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இல்லாத தட்டில் ஒரு காலனி எழுந்தால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஒரு பெற்றோரின் சடுதிமாற்றம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். இரு பெற்றோரும் அருகருகே இருந்து ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டிருக்கலாம். வெடித்த உருண்டையின் டிஎன்ஏவை மற்றொன்று உறிஞ்சியிருக்கலாம். அதனால் ஒவ்வொரு பெற்றோருக்கும் குறைந்தது இரண்டு மார்க்கர்கள் வைக்கிறோம். இரண்டும் ஒருசேரத் திரும்பும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஒவ்வொரு பெற்றோரையும் தனியே சுவர் நீக்கி, கிளைக்காலில் நனைத்து, மீட்டுப் பார்க்கிறோம். இருவரையும் கிளைக்கால் இல்லாமல் கலந்து பார்க்கிறோம். டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதி சேர்த்தும் பார்க்கிறோம். தனிப் பெற்றோர் கன்ட்ரோலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சுவரை நீக்கி மீட்கும் செயலே செல்லை மாற்றக்கூடும். ஸ்டெஃபிலோகாக்கஸில் அதனாலேயே பிளாஸ்மிட்கள் கழன்றுபோவதை 1980-இல் காட்டியிருக்கிறார்கள். சுரப்பு கூடியதற்கு மறுசேர்க்கை காரணமா, மீட்பின் அதிர்ச்சி காரணமா என்பதை இந்தக் கன்ட்ரோல் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

இதைவிட நுட்பமான ஒரு பொறியை 1980-இல் ஹாட்ச்கிஸும் கபோரும் வெளிக்கொணர்ந்தார்கள். பேசில்லஸ் சப்டிலிஸ் இணைவில் கிடைத்த சில செல்களில் இரு பெற்றோரின் குரோமோசோம்களும் முழுதாக இருந்தன. ஆனால் ஒன்றின் மரபணுக்கள் மட்டுமே வேலை செய்தன. மற்றது வாய்மூடிக் கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு பெற்றோர் போலவே தோன்றும். பின்னாளில் பிரிந்து வரும் வாரிசுகளிலோ ஊமையாக இருந்த குணம் திடீரெனத் தலைகாட்டும். இணைவு ஒன்று, மறுசேர்க்கை வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆகவே எடுத்த காலனியை அப்படியே நம்பாமல், மார்க்கர் அழுத்தம் இல்லாத தட்டில் பலமுறை மாற்றிப் பரப்பி, குணம் பிரிகிறதா என்று பார்ப்பது இந்தத் தொழிலின் கட்டாயம். ஸ்ட்ரெப்டோமைசஸில் இயற்கையே ஓர் உதவி செய்கிறது. அதன் ஸ்போர் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குரோமோசோம் தொகுதிதான் இருக்கும். இணைவுக்குப் பின் மார்க்கர் அழுத்தம் இல்லாத தட்டில் மீட்டு, ஸ்போர் உருவானதும் அறுவடை செய்து, அந்த ஸ்போர்களைத் தேர்வுத் தட்டில் பரப்பினால் கலப்படம் தானாகப் பிரிந்துவிடும். மீளும்போதே தேர்வு அழுத்தம் கொடுப்பவர்கள், குரோமோசோம்கள் கலந்து முடிக்க அவகாசம் தராமலே வாரிசுகளைக் கொன்றுவிடுகிறார்கள்.

இத்தனை கட்டுப்பாடுகளுக்கும் பிறகு கிடைத்த பலன் சிறியதன்று. 1978-இல் ஹாப்வுட்டும் ரைட்டும் ஸ்ட்ரெப்டோமைசஸ் சீலிகலரில், பாலினப் பிளாஸ்மிட் இல்லாத பெற்றோர்களுக்கிடையே கூட, மறுசேர்க்கை 10 விழுக்காட்டைத் தாண்டுவதைக் காட்டினார்கள். நான்கு பெற்றோரை ஒரே சமயத்தில் இணைத்து, நால்வரின் மரபணுக்களும் சேர்ந்த வாரிசையும் பெற்றார்கள். இயற்கையில் இனவிருத்தி செய்யும் எந்த விலங்குக்கும் செடிக்கும் இது கிடையாது. இந்த வாய்ப்பின் முழு வீச்சு 2002-இல் வெளிப்பட்டது. டைலோசின் என்ற கால்நடை ஆன்டிபயாடிக்கைச் சுரக்கும் ஸ்ட்ரெப்டோமைசஸ் ஃப்ராடியேயை, 20 ஆண்டுகளில் 20 சுற்றுச் சடுதிமாற்றமும் தேர்வுமாகத் தொழிற்சாலை மேம்படுத்தியிருந்தது. அதற்கு ஏறத்தாழ 10 லட்சம் சோதனைகள் செலவாயின. டெல் கார்டேயர் குழு அதே தொடக்க ஸ்ட்ரெயினிலிருந்து சற்றே மேம்பட்ட பலவற்றைத் தேர்ந்து, அவற்றை ஒன்றாகத் திரும்பத் திரும்ப இணைத்து, இரண்டே சுற்றில், ஓராண்டுக்குள், சுமார் 24,000 சோதனைகளில் அதே சுரப்பளவை எட்டியது. எந்த மரபணு என்ன செய்கிறது என்று அவர்கள் முன்கூட்டித் தெரிந்திருக்கத் தேவைப்படவில்லை. அதே ஆண்டில் லாக்டோபேசில்லஸில் இதே முறையால் அமிலம் தாங்கும் ஸ்ட்ரெயின்கள் கிடைத்தன. முல்லர் காகிதத்தில் சொன்ன வாதம் ஃபெர்மென்டரில் மெய்யாயிற்று.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு, ஜீனோம் வரிசையும் கிரிஸ்பரும் இருக்கும்போது இது எதற்கு என்பது. எந்த மரபணுவை எப்படி மாற்ற வேண்டும் என்று தெரிந்தால் இணைவு வீண்வேலைதான், நேராகத் திருத்திவிடலாம். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசஸ் சீலிகலரின் ஜீனோமில் 2002-இல் கணக்கிட்ட மரபணுக்கள் 7,800-க்கும் மேல். சுரப்பு, அமிலம் தாங்குதல், நஞ்சு தாங்குதல் போன்ற குணங்களில் அவற்றுள் எத்தனை கைகோத்து நிற்கின்றன என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. இலக்கு தெரியாத இடத்தில் கத்தி எவ்வளவு கூராக இருந்தும் பயனில்லை. ஜீனோம் வரிசை இணைவுக்குப் போட்டியன்று, கூட்டாளி. சிறந்த வாரிசின் வரிசையைப் படித்தால் எந்தப் பகுதி எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்று தெரிகிறது. எந்த மாற்றங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன என்று தெரிகிறது. திருத்தக் கருவிக்கு இலக்கு கிடைக்கிறது. ரசாயனமும் பழையதாகிவிடவில்லை. 2007-இல் கிரெய்க் வென்டரின் நிறுவனத்தில் ஒரு மைக்கோபிளாஸ்மாவின் முழு ஜீனோமை இன்னொரு இனத்துக்குள் செலுத்தியபோது பயன்பட்டதும் இதே பாலிஎத்திலீன் கிளைக்கால்தான். இயல்பிலேயே சுவரற்ற செல்கள் அவை.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது: இது குருட்டு வேலை, எது கிடைக்கும் என்று நம் கையில் இல்லை. மறுசேர்க்கை குருடுதான், தேர்வு குருடன்று. ஆகவே நல்ல சோதனை கையில் இல்லாதவர் இணைவைத் தொடவே கூடாது என்பேன். ஆயிரக்கணக்கான வாரிசுகளின் சுரப்பை நம்பகமாக அளக்க முடியாவிட்டால், கலந்ததெல்லாம் வெறும் கூட்டம். இந்த மறுப்பில் இன்னோர் உண்மையும் அடங்கியிருக்கிறது: எட்ட உள்ள இனங்களைக் கலக்கும் கனவு பெரும்பாலும் பொய்த்திருக்கிறது. இரு டிஎன்ஏக்களின் வரிசை விலக விலக அவற்றுக்கிடையே மறுசேர்க்கை மிக வேகமாகக் குறைகிறது. அந்நிய டிஎன்ஏவை வெட்டும் நொதிகளும் குறுக்கே நிற்கின்றன. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களில் வெளிச்சவ்வு வேறு இருப்பதால் முழுமையான புரோட்டோபிளாஸ்ட் கிடைப்பதே அரிது. விதிவிலக்குகள் உண்டு. 1984-இல் உமேசாவாவின் குழு இரண்டு ஸ்ட்ரெப்டோமைசஸ் இனங்களை இணைத்து இண்டோலிசோமைசின் என்ற புதிய ஆன்டிபயாடிக்கைப் பெற்றது. ஆயினும் விதிவிலக்கை நம்பித் திட்டம் போட முடியாது. ஒரே இனத்துக்குள், பொது மூதாதையிலிருந்து கிளைத்து வெவ்வேறு வழியில் மேம்பட்ட ஸ்ட்ரெயின்களுக்கிடையேதான் இந்த முறை மாறாமல் பலன் தருகிறது.

மூன்றாவது, இது இயற்கைக்கு மாறானது, ஆபத்தானது என்ற அச்சம். டெலவேர் பல்கலைக்கழகத்தில் பாபுட்சாகிஸ் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றாக வளர்த்த இரு கிளாஸ்ட்ரிடியம் இனங்கள் எந்த ரசாயனத் தூண்டலும் இல்லாமலே செல்லோடு செல் இணைந்து புரதங்களையும் ஆர்என்ஏவையும் பரிமாறிக்கொள்வது தெரிந்தது. ஆகவே இணைவு என்ற நிகழ்வே இயற்கைக்குப் புறம்பு என்று சொல்ல இடமில்லை. அதற்காகக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவின் 1989 விதிகள், இயற்கையில் நிகழாத முறைகளால் செல்களை இணைத்துப் புதிய மரபுக் கூட்டு உண்டாக்குவதைத் தம் வரம்புக்குள் வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 நெறிமுறை, இயல்பாகவே மரபுப் பொருளைப் பரிமாறிக்கொள்ளும் பாக்டீரிய இனங்களின் இணைவுக்கு மூடிய கூடத்துக்குள் விலக்கு அளிக்கிறது. இரு அணுகுமுறைகளிலும் நியாயம் இருக்கிறது. எந்தச் சட்டமும் சொல்லாமலே தொழில் செய்பவர் ஏற்க வேண்டிய ஒரு கடமையும் உண்டு. மார்க்கராக ஆன்டிபயாடிக் எதிர்ப்பை வைப்பது வேலையைச் சுலபமாக்கும் என்பது உண்மை. ஆனால் உணவுக்கோ வயலுக்கோ போக வேண்டிய ஸ்ட்ரெயினில் அதை வைக்கக் கூடாது. எதிர்ப்பு மரபணு பரவுவது இன்றைய மருத்துவத்தின் பெரும் கவலை. சத்துத் தேவையைக் கொண்ட மார்க்கர்கள் உழைப்பை இரட்டிப்பாக்கினாலும் அவற்றையே தேர்வது அறம்.

இத்தனையையும் வைத்துப் பார்க்கும்போது, நல்ல இணைவு வேலையை அடையாளம் காண்பது கடினமன்று. சுவர் நீங்கிய அளவும் மீட்பு விழுக்காடும் எண்ணில் தரப்பட்டிருக்க வேண்டும். தனிப் பெற்றோர் கன்ட்ரோல் இருக்க வேண்டும். இரண்டுக்கு மேற்பட்ட மார்க்கர்களால் மறுசேர்க்கை நிறுவப்பட்டிருக்க வேண்டும். அழுத்தம் இல்லாத தட்டுகளில் தலைமுறை தலைமுறையாகக் குணம் நிலைத்ததா என்பது காட்டப்பட்டிருக்க வேண்டும். இன்றைய வசதியில் ஜீனோம் வரிசையும் கூடவே வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வாரிசை மறுசேர்க்கை என்று நான் ஏற்பதில்லை. மாணவர்களும் ஏற்கக் கூடாது. இணைவை ஒரு நாள் செய்முறைப் பயிற்சியாகக் கற்பித்து, உருண்டைகள் ஒட்டுவதைக் காட்டியதோடு நிறுத்திவிடும் பாடம் அதன் எளிய பாதியை மட்டுமே கற்பிக்கிறது. மீட்புத் தட்டை உலர்த்தும் பொறுமையையும், ஒரு காலனியைச் சந்தேகிக்கும் ஒழுக்கத்தையும், ஆயிரம் வாரிசுகளை அளந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உழைப்பையும் சேர்த்துக் கற்பித்தால்தான், மரபணு வரைபடமே இல்லாத ஒரு மண் பாக்டீரியாவையும் துணிந்து மேம்படுத்தக்கூடிய ஆட்கள் நமக்குக் கிடைப்பார்கள்.